விளக்குக்குப் புரிந்த ஜெர்மன்

1

இந்த ஊருக்கு நான் வந்து இன்றோடு மூன்று ஆண்டுகள் முடிகின்றன. எனக்கு முன்பே அரசாங்கம் அதை நினைவு வைத்திருந்தது. தங்கும் அனுமதியை நீட்டிப்பதற்கான விண்ணப்பத்தை ஆறு வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். இன்று காலை அதை நிரப்பி எடுத்துக்கொண்டு வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போனேன்.

மூன்றாம் பக்கத்தில் 'வாழ்க்கைத்துணை வசிக்கும் இடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இரும்புலியூர், தாம்பரம், சென்னை என்று எழுதியிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். இது ஊரா, தெருவா என்று கேட்டார். பெரிய ரயில் நிலையம் ஒன்றை அடுத்த பகுதி என்றேன். அடுத்த கேள்வி விண்ணப்பத்தில் இல்லாதது.

"உங்கள் மனைவிக்கு ஜெர்மன் தெரியுமா?"

"விளக்குப் போடத் தெரியும்" என்றேன்.

நான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, சரியான வாக்கியம் எது என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பின்னால் ஒன்பது பேர் வரிசையில் நின்றார்கள். விளக்க நேரமில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

2

நான் ஆண் செவிலியர். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நாற்பத்தாறு வயதில் இங்கே வந்து, முதியோர் இல்லம் ஒன்றில் முதலில் உதவியாளனாகவும், சான்றிதழ்கள் ஏற்கப்பட்ட பிறகு செவிலியராகவும் இருக்கிறேன். மனைவி ஹேமாவும் மகள் நிவேதாவும் இரும்புலியூரில் இருக்கிறார்கள். ஹேமா ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நிவேதா ஒன்பதாம் வகுப்பு.

என் நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடியும். முதல் அறையிலிருந்து பதினொன்றாம் அறை வரை ஒரே வரிசையில் போவேன். வந்த புதிதில், ஒவ்வொரு அறையிலும் நுழைந்ததும் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பேன். நமக்கு அது வணக்கம் மாதிரி. ஏழாம் அறைப் பெரியவருக்கு மறதி நோய். நான் கேட்கும்போதெல்லாம், தான் சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாமல் கலங்கிப்போவார். இரண்டு வாரம் கழித்துத் தலைமைச் செவிலியர் அழைத்து, அவருக்கு ஏன் தினமும் இரண்டு காலைச் சிற்றுண்டி போகிறது என்று கேட்டார். அதன் பிறகு "காலை வணக்கம்" என்று மட்டும் சொல்கிறேன்.

நான் வந்த விசா வகைக்கு, மனைவி பின்னால் வர வேண்டுமென்றால் ஜெர்மன் மொழியில் முதல் நிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். படிக்க, கேட்க, எழுத, பேச என்று நான்கு பகுதிகள். நூற்றுக்கு அறுபது. நகரத்துக்குள் வகுப்புகள் உண்டு. மாலை நான்கு மணி வரை கிளினிக்கில் நின்றுவிட்டு, தாம்பரத்தில் ரயில் ஏறி வகுப்புக்குப் போய்த் திரும்பினால் நிவேதா மணிக்கணக்கில் தனியாக இருப்பாள். "அதெல்லாம் வேணாம், நான் புக்கு பாத்துப் படிச்சிக்கறேன்" என்றாள் ஹேமா. புத்தகம் வாங்கினாள். பேசிப் பழக ஆள் இல்லை.

3

சென்ற ஆண்டு ஏப்ரலில் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனபோது, பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கிப் போனேன். உருவத்தில் சின்னத் தேங்காய். கூடத்து விளக்கு, மின்விசிறி இரண்டையும் அதனோடு இணைத்தேன். அதன் மொழியை ஜெர்மனுக்கு மாற்றினேன். அழைக்கும் பெயராக 'கம்ப்யூட்டர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியலில் இருந்த பெயர்களில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வருவது அதுதான்.

"கம்ப்யூட்டர், மாஹ் தாஸ் லிஷ்ட் அன்." விளக்கைப் போடு. சரியாகச் சொன்னால் எரியும். இல்லையென்றால் எரியாது. இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைக்க மாட்டார் என்று அப்போது நினைத்தேன்.

அடுத்தது மோட்டார். எங்கள் குடியிருப்பில் ஆறு வீடுகள். போர் மோட்டாரைப் போட்டு மேல் தொட்டியை நிரப்புவது வாரத்துக்கு ஒரு வீட்டின் முறை. சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நாங்கள் இரண்டாம் மாடி. எலக்ட்ரீஷியனை வைத்து அந்த சுவிட்சையும் ஸ்பீக்கரோடு இணைக்க மற்ற ஐந்து வீட்டுக்காரர்களிடமும் அனுமதி கேட்டேன். நான்கு பேர் உடனே சரி என்றார்கள். கீழ்வீட்டு ரஹ்மத் அக்கா மட்டும் மேலே வந்து பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவர் கணவர் ஏ.சி. மெக்கானிக், கருவிகளை எளிதில் நம்பாத வீடு.

ஹேமா விளக்கைப் போட்டுக் காட்டினாள். முதல் முறை எரியவில்லை. இரண்டாம் முறையும் இல்லை.

"இன்னா ஹேமா, நம்ம பாஷைல சொன்னா கோச்சிக்குமா அது?"

"ஜெர்மன்ல சொன்னாத்தான்க்கா கேக்கும்."

"நல்லா கீது. நம்ம கரண்ட்டு, நம்ம பல்பு, அதுக்கு வெள்ளக்காரன் பாஷை." பிறகு ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்து, "மோட்டார நிறுத்தறதுக்கு இன்னா சொல்லணும்? மொதல்ல அத சொல்லு. போடறதுக்கு ஆளு இருக்காங்க, நிறுத்தறதுக்குத்தான் இந்த பில்டிங்ல ஆளே இல்ல" என்றார்.

"மோட்டோர் அவுஸ்."

"மோட்டோர் அவுஸ்" என்று ரஹ்மத் அக்கா ஒரே முறையில் சரியாகச் சொன்னார்.

4

இனி என்னைப் பற்றிய ஒரு செய்தி. ஸ்பீக்கர் என் கணக்கில் பதிவாகியிருந்தது. அதனிடம் யார் என்ன சொன்னாலும் அது என் கைப்பேசியில் நேரத்தோடு வரிசையாக வந்து நிற்கும். எழுத்திலும் வரும்; தொட்டால் குரலாகவும் கேட்கும். கடையில் வாங்கும்போது இது எனக்குத் தெரியாது. இங்கே திரும்பிய இரண்டாம் நாள் தெரிந்தது.

இரண்டு மணிக்கு வேலை முடிந்து பேருந்தில் ஏறும்போது இரும்புலியூரில் மணி மாலை ஐந்தரை. ஹேமா கிளினிக்கிலிருந்து வந்து பயிற்சியைத் தொடங்கியிருப்பாள். இருபத்திரண்டு நிமிடப் பயணம். ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று பத்திகள் பிரித்தேன்: வாக்கியம், எத்தனை முறை, புரிந்ததா. இல்லத்தில் யார் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்று எழுதும் அட்டையும் இப்படித்தான் இருக்கும். எனக்கு வேறு விதமாகக் குறிக்கத் தெரியாது.

ஞாயிறு தோறும் வீடியோவில் பேசுவோம். "எண்களைக் கொஞ்சம் பாரு, நாப்பதுக்கு மேல கஷ்டமா இருக்கும்" என்பேன். "எப்படிங்க கரெக்டா சொல்றீங்க?" என்று வியப்பாள். "எல்லாருக்கும் அங்கதான் இடிக்கும்" என்பேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. சொல்லிவிடலாம் என்று மே மாதத்தில் ஒருமுறை நினைத்தேன். சொன்னால் கூச்சப்பட்டுப் பயிற்சியை விட்டுவிடுவாள் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தேன்.

நிவேதா அழைப்பின் முதல் இரண்டு நிமிடங்கள் இருப்பாள். "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல்?" "ஓகேப்பா." பிறகு திரையின் ஓரத்தில் அவள் முழங்கை மட்டும் தெரியும். பிறகு அதுவும் தெரியாது. நான் கிளம்பியபோது என் தோளுக்குக் கீழே இருந்தவள். இப்போது எவ்வளவு உயரம் என்பதைத் திரையில் அளக்க முடியவில்லை.

5

ஆகஸ்டில் தேர்வு எழுதினாள். ஐம்பத்து நான்கு. படிப்பதும் கேட்பதும் எழுதுவதும் தேறும் அளவில் இருந்தன. பேசுவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இது எனக்கு விளங்கவில்லை. என் நோட்டின்படி கடைசி வாரத்தில் அவள் சொன்ன முப்பத்தெட்டு வாக்கியங்களில் முப்பத்து மூன்று ஸ்பீக்கருக்குப் புரிந்திருந்தன.

என்ன நடந்தது என்று ஹேமா சொல்லவில்லை. "இனிமே அந்த ஹாலுக்குள்ள கால வைக்க மாட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நிவேதாதான் சொன்னாள். வழக்கத்துக்கு மாறாக அன்று ஏழு நிமிடம் பேசினாள், சிரித்துக்கொண்டே.

"அப்பா, நாலு பேர ஒரு டேபிள் சுத்தி உக்கார வெச்சாங்களாம். கார்டு எடுத்து ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட எதனா கேக்கணும். அம்மா எடுத்த கார்டுல தண்ணி பாட்டில் படம். அம்மா எக்ஸாமினரப் பாத்து, 'கம்ப்யூட்டர், தண்ணி குடு'ன்னு ஜெர்மன்ல சொல்லிட்டாங்க."

"கம்ப்யூட்டர்னா கூப்பிட்டா?"

"ஆமாப்பா! பழக்க தோஷம். பக்கத்துல இருந்த பொண்ணு சிரிச்சிடுச்சாம். அதோட அம்மா ஆஃப்."

பின்னாலிருந்து ஹேமாவின் குரல் வந்தது. "சிரி, நல்லா சிரி. அந்தப் பொண்ணு அடுத்து என்கிட்ட கேள்வி கேக்கறா. எனக்குப் புரியுது. ஆனா வாய் வரல. வீட்ல நான் சொல்வேன், அது செய்யும். அது என்னைக்கு என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கு? லைட் எரிஞ்சா பாஸுன்னு நெனச்சேன்."

அவள் சொன்னதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. வாரத்துக்கு எத்தனை வாக்கியங்கள் கூட்டலாம் என்று ஓர் அட்டவணை தயாரித்து அனுப்பினேன்.

6

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பேருந்தில், பட்டியலில் ஒரு விசித்திரமான வரி இருந்தது. ஜெர்மன் சொற்கள்தான், ஆனால் பொருளே இல்லை. ஸ்பீக்கர் தமிழைக் கேட்டு ஜெர்மனாக எழுதினால் இப்படித்தான் வரும். பேச்சுக்கு நடுவே யாராவது 'கம்ப்யூட்டர்' என்று சொல்லிவிட்டால் அது தன்னை அழைத்ததாக எண்ணிக் காது கொடுக்கும். முன்பும் இப்படி வந்திருக்கிறது. ஒன்றிரண்டு சொற்களோடு நின்றுவிடும். இது ஒன்பது நொடி இருந்தது. தொட்டேன்.

"...ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர்ல மூஞ்சி பாக்கறோம், பேசறோம், அதுவே போதும்போலத்தான் இருக்குக்கா. அங்க போய் நான் என்ன பண்ணப் போறேன்?"

ரஹ்மத் அக்கா "ஏய், இன்னா பேச்சு இது" என்று தொடங்கியதுமே பதிவு முடிந்துவிட்டது.

இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கினேன். அதற்கு முந்தைய மாதம்தான் அதே தெருவில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றுக்கு மாறியிருந்தேன். குடும்பத்தை அழைக்க வேண்டுமானால் ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று காட்ட வேண்டும். நிவேதாவின் அறைக்கு மேசை வாங்கி, பொருத்தாமல் அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். அன்று வீட்டுக்குப் போய், நோட்டில் வாக்கியத்துக்கான பத்தியில் 'தமிழ். பயிற்சி அல்ல' என்று எழுதினேன். மேசையைப் பொருத்தினேன். ஒரு திருகாணி மிஞ்சியது.

அடுத்த ஞாயிறு பேசும்போது எதையும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஜனவரித் தேர்வுக்குப் பெயர் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஹேமா தயங்கினாள்.

"அங்க போய் என்ன பண்ணப் போறோம்னுலாம் யோசிக்காத. வந்தா எல்லாம் பழகிடும்" என்றேன்.

திரையில் அவள் அசையாமல் இருந்தாள். இணைப்புதான் நின்றுவிட்டது என்று முதலில் எண்ணினேன்.

"நான் உங்ககிட்ட அப்படிச் சொல்லலையே."

கையருகில் இருந்த நோட்டை மூடினேன்.

"ரஹ்மத் அக்கா சொன்னாங்களா? அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். உங்களுக்கு போன் பண்ணாங்களா அவங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அந்த எண்ணம் வந்தது. படியில் இறங்கும்போது ஹேமா நின்று பேசும் ஒரே வாசல் ரஹ்மத் அக்காவுடையது. நான் ஸ்பீக்கரைப் பற்றிச் சொன்னேன். பட்டியல், குரல், நோட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்ளோ நாளா?"

"ஆறு மாசம்."

"டெய்லியா?"

"லீவு நாள் தவிர."

"வார்டுல பேஷண்ட்டுக்கு சார்ட் எழுதற மாதிரி எனக்கும் எழுதிட்டு இருந்தீங்களா?" குரல் உயரவில்லை. "நான் தப்புத் தப்பா உளர்னது, திட்னது, தனியா பாடுனது எல்லாம் கேட்டுட்டு, ஞாயித்துக்கிழமை ஜோசியக்காரன் மாதிரி உக்காந்து சொல்வீங்க. நானும், ஆஹா, இவருக்கு நம்மள எவ்ளோ தெரிஞ்சிருக்குன்னு..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. அழைப்பை முடித்தாள்.

பதினொரு நாட்கள் பட்டியலில் ஒரு வரியும் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு குறுஞ்செய்தி: "ஸ்பீக்கரை என் அக்கவுண்ட்டுக்கு மாத்தணும். எப்படின்னு சொல்லுங்க." ஏழு படிகள். எண்ணிட்டு எழுதி அனுப்பினேன். கடைசிப் படியில் அவள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டாள். மறுநாள் பேருந்தில் கைப்பேசியைத் திறந்தபோது, என் கணக்கில் கருவி எதுவும் இல்லை என்று ஒரு வரி இருந்தது. இருபத்திரண்டு நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே பார்த்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு தச்சுப் பட்டறை இருக்கிறது. ஆறு மாதமாக நான் அதைப் பார்த்ததில்லை.

7

அதன் பிறகு அவள் படிக்கிறாளா, தேர்வுக்குப் பெயர் கொடுத்தாளா எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதி போய்விட்டதாக நினைத்தேன். ஞாயிறு அழைப்புகள் தொடர்ந்தன. மளிகை, மழை, முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் நின்றது, தாம்பரம் சானடோரியம் வரை வண்டிகள் நகராமல் நின்றது என்று பேசினோம். ஜெர்மன் பற்றிப் பேசவில்லை.

டிசம்பரில் நிவேதா ஒரு தகவல் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னது.

"அப்பா, இங்க செம காமெடி. ரஹ்மத் ஆன்ட்டிதான் இப்ப எக்ஸாமினர். தினம் சாயங்காலம் வந்து சேர் போட்டு உக்காந்துக்கறாங்க. நான், அம்மா, எதிர்வீட்டு ஜெனிஃபர் அக்கா. கார்டு நாங்களே வரைஞ்சோம்."

"ரஹ்மத் அக்காவுக்கு எப்படி ஜெர்மன்?"

"தெரியாதே. அதான் காமெடி. அம்மா சொல்றத மூஞ்சப் பாத்தே மார்க் போடறாங்க. அம்மா தயங்கினா போச்சு. 'இன்னா முழிச்சிக்கினு கீற? கேட்டாங்கல்ல, பதில் சொல்லு'ன்னு ஒரு அதட்டல். நேத்து ஜெனிஃபர் அக்காவுக்கே பயத்துல ஜெர்மன் வந்துடுச்சு."

"ஸ்பீக்கர்?"

"அது மோட்டாருக்கு மட்டும்பா. அம்மா இப்பல்லாம் அதுகிட்ட பேசறதே இல்ல."

அவ்வளவு நேரம் நிவேதாவின் முகம் திரையின் நடுவில் இருந்தது. நெற்றியில் ஒரு பரு. முன்பு இல்லாதது.

8

தேர்வு ஜனவரியில் முடிந்ததும் முடிவு வந்ததும் எனக்குச் சென்ற ஞாயிறுதான் தெரியும். ஹேமா தனியாகத் திரையில் இருந்தாள்.

"எழுபத்தெட்டு" என்றாள்.

"பேசறதுல?"

"பாத்தீங்களா, அதுதான் மொத கேள்வி. இருபத்தஞ்சுக்கு இருபது."

வாழ்த்துச் சொன்னேன். விசா விண்ணப்பத்துக்கான ஆவணப் பட்டியலை எடுக்க எழுந்தேன். உட்காரச் சொன்னாள்.

"நிவேதா பத்தாவது பரீட்சை முடிக்கட்டும். அதுக்கு முன்னாடி நகர மாட்டேன்."

அதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. தேர்வுச் சான்றிதழ் ஓராண்டுக்கு மேல் பழையதானால் ஏற்கத் தயங்குவார்கள் என்பதை அவளுக்கு விளக்கினேன். மாதக் கணக்கோடு விளக்கினேன். முழுவதும் கேட்டாள்.

"பழசாயிடுச்சுன்னா இன்னொரு வாட்டி எழுதறேன். அதுல என்ன இருக்கு?"

இதற்கு என்னிடம் அட்டவணை இல்லை. நான் மூன்று ஆண்டுகளாக அவளைக் கேட்டிராத ஒன்றைக் கேட்டேன்.

"ஹேமா, உனக்கு இங்க வரணும்னு இருக்கா?"

அங்கே தெருவில் தண்ணீர் கேன் வண்டி போகும் சத்தம் கேட்டது.

"இத மொதல்லயே கேட்டிருந்தா ஒட்டுக் கேட்டிருக்க வேணாம்ல?" என்றாள். பிறகு, "வர்றதுக்குப் பயம் இல்ல. வந்து நாலு சுவத்தப் பாத்து உக்காந்திருக்கத்தான் பயம். எனக்கு அங்க வேலை வேணும். பல் டாக்டர்கிட்ட போன் எடுக்கற வேலை தெரியும் எனக்கு. அது கெடைக்கறதுக்கு இன்னும் எவ்ளோ படிக்கணும்னு தெரிஞ்சா, இந்த ஒரு வருஷம் அதப் படிப்பேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து, எங்கள் தெரு முனையில் இருக்கும் பல் மருத்துவரிடம் போனேன். வரவேற்பில் இருந்த அம்மையாரிடம் விஷயத்தைச் சொன்னேன். வேலை யாருக்கு என்று கேட்டார். மனைவிக்கு என்றேன். "அப்படியானால் அவரே கேட்கட்டுமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. புதன்கிழமைகளில் மதியம் கூட்டம் இருக்காது, அப்போது அழைத்தால் மெதுவாகப் பேசுவேன் என்று ஓர் அட்டையும் கொடுத்தார்.

நேற்று மாலை ஹேமாவை அழைத்துச் சொன்னேன். வேண்டுமானால் என்ன பேசுவது என்று எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

"எழுதல்லாம் வேணாம். நம்பர் சொல்லுங்க."

அட்டையைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகத் தமிழில் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் ஜெர்மனில் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள். ஏழாவது இலக்கத்தைத் தவறாகச் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே திருத்திக்கொண்டு, "ம், அடுத்தது?" என்றாள்.